ராசாத்தி அக்கா வீட்டுக் கார்ட்டூன்

மகளின் பள்ளி வேலைக்கு மைதாப் பசை காய்ச்சினேன். அந்த வாடைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

சிவகாசியில் எங்கள் தெருவிலேயே ராசாத்தி அக்கா வீட்டில் மட்டும்தான் டிவி இருந்தது. சனிக்கிழமை காலையில் கார்ட்டூன் போட்டு, தெருப் பிள்ளைகளையெல்லாம் உள்ளே விட்டு, ஆளுக்கொரு கிண்ணத்தில் பசையும், தான் கூலிக்கு ஒட்டித்தரக் கம்பெனியிலிருந்து வாங்கிவந்த தீப்பெட்டி அட்டையும் லேபிளும் முன்னால் வைப்பாள். அவள் நாற்காலியில் சாய்ந்து படம் பார்த்துச் சிரிப்பாள். நாங்கள் குனிந்தபடி கரடி உருளும் சத்தத்தையும் அவள் சிரிப்பையும் கேட்டுக்கொண்டே ஒட்டுவோம். ஒருநாள் நிமிர்ந்து பார்த்ததில் எனக்கு லேபிள் கோணலாகிவிட்டது.

"ஏ புள்ள, கையப் பாத்து ஒட்டு" என்று டிவியை அணைத்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். போன மாதம் விருதுநகரில் ஒரு கல்யாணத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மகளிடம், "ஒங்கம்மா எங்க வீட்ல கார்ட்டூன் பாத்தே வளந்தவ" என்றாள்.

"நாங்க எங்க பாத்தோம்க்கா? நீங்கதான பாத்தீக" என்றேன்.

அவள் கையை விட்டுவிட்டாள். பந்தியில் உட்காராமல் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.