தும்மாத ரத்தினசாமி

விருதுநகர் பஜாருக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைகிறவனை ரத்தினசாமி மனிதக் கணக்கில் சேர்த்ததே இல்லை. தெப்பக்குளத்தைச் சுற்றி வத்தல் மண்டிகள் வரிசை பிடித்து நின்ற காலம் அது. மாசி பிறந்து புது மிளகாய் வத்தல் மூடை இறங்கத் தொடங்கிவிட்டால் காற்றே காரமாகிப் போகும். வெளியூர்க்காரன் நாலு கடை தாண்டுவதற்குள் தும்மித் தும்மிக் கண்ணீரும் மூக்குநீருமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ரத்தினசாமி கல்லாவில் இருந்தபடியே குரல் கொடுப்பார்.

"வாங்க சாமி, வாங்க. மூக்கை வீட்ல வச்சுட்டு வந்திருக்கப்படாதா?"

அவர் தும்ம மாட்டார். வத்தல் குவியலுக்குள் முகத்தைக் கொண்டுபோய் மோந்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நிமிர்ந்து வெற்றிலை போடுவார். 'தும்மாத ரத்தினசாமி கடை' என்று கேட்டால்தான் பஜாரில் வழி சொல்வார்கள்.

அந்தப் பேர் சும்மா வந்துவிடவில்லை. சொந்த ஊர் ஆனைக்குட்டத்தில் இரண்டாம் வகுப்போடு சிலேட்டை வீசிவிட்டு, பன்னிரண்டு வயதில் நடந்தே வந்து மண்டியில் மூடை தூக்கியவர் அவர். ராத்திரி படுக்கை வத்தல் மூடை மேல்தான். முதல் வருசம் மூக்கில் ரத்தம் வரும்வரை தும்மினார். "தும்முற பய தொழிலுக்கு ஆவ மாட்டான்" என்று மண்டிக்காரர் துரத்தப் பார்த்தார். போகவில்லை. தும்மல்தான் அவரை விட்டுப் போனது. பிறகு சொந்தக் கடை, கடைக்கு மேலே இரண்டு அறை வீடு, எல்லாம் அந்த மூக்கு சம்பாதித்துக் கொடுத்தது. அப்பன் சொத்தில் மோர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்காது.

மூக்குக்கும் வியாபாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மண்டியில் விலையை வாயால் பேசுவதில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரு துண்டைப் போர்த்தி அதற்குள் கைகோத்து, விரலைப் பிடித்துப் பிடித்து விலை சொல்லிக்கொள்வார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. கை துண்டுக்குள் இருக்கும்போது ஒற்றைத் தும்மல் விழுந்துவிட்டால் தீர்ந்தது, சகுனம் கெட்டது. அந்தச் சரக்கை அன்றைக்கு ஒருவரும் தொடமாட்டார்கள். இரட்டைத் தும்மல் என்றால் தோசமில்லை. ஆகவே தும்முகிற மூக்கோடு ஒருவன் துண்டுக்குள் கை நீட்ட முடியாது. நீட்டினாலும் பிடிக்க ஆள் வராது.

பஜாருக்குள் குடியிருப்பதைப் போல ஒரு சுகம் உலகத்திலேயே கிடையாது என்பது ரத்தினசாமியின் முடிவு. ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் காப்பி வரும். இன்னொரு சத்தத்துக்குப் பொரித்த பரோட்டா வரும். வயிற்றுவலி என்றால் வைத்தியர் எதிர்க்கடை மாடியில். பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் சப்பரம் வாசலுக்கே வந்து நிற்கும். ஊரெல்லாம் காசு கொடுத்துப் பேப்பர் வாங்கித் தெரிந்துகொள்வதை இவர் பல் விளக்கும்போதே கேட்டுவிடுவார்.

அவர் மனைவி ஆவுடைத்தாய் எம். புதுப்பட்டிக்காரி. அவள் கணக்கு வேறு.

"காப்பி வருது, பரோட்டா வருது, நல்ல தண்ணி வருதா? உப்புத் தண்ணியில பருப்பு வேகுதா? துவைச்ச சேலையைக் காயப்போட்டா வத்தத் தூசி படிஞ்சு, கட்டுனா உடம்பெல்லாம் எரியுது. எங்கூட்டுச் சனம் ஒரு ராத்திரி தங்குதா? தும்மிக்கிட்டே வாராக, தும்மிக்கிட்டே போறாக. சாப்பாட்டு ருசியைக்கூட ஒருத்தரும் சொன்னதில்ல."

அவள் முப்பது வருசம் அங்கே குடித்தனம் பண்ணியும் அவள் மூக்கு மட்டும் படியவில்லை. தும்ம ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். கீழே கடையில் மூடை தூக்குகிறவர்கள் அதைக் கேட்டுத்தான் அடுப்பு பற்றவைத்தாயிற்று, முதலாளியம்மா எழுந்தாயிற்று என்று தெரிந்துகொள்வார்கள்.

அவள் தம்பி சங்கிலிமுத்து புதுப்பட்டியில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தான். அக்காளைப் பார்க்க வந்தவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"அத்தான், இது மனுசன் இருக்குற இடமா? ரயில் ரோட்டுக்கு மேக்கே பிளாட்டு போட்டிருக்கான். காத்து, வெளிச்சம், நல்ல தண்ணிக் கிணறு. எங்க கம்பெனியவே ஊருக்கு வெளியதான் வைக்கணும்னு சர்க்கார்ல சட்டம் வச்சிருக்கான், பாத்துக்கிடுங்க."

"வெடிக்கிற சாமானைத்தாம்லே மாப்ளே ஊருக்கு வெளிய வைக்கணும். மனுசனை ஏம்லே கொண்டுபோய் வைக்கணும்?"

சங்கிலிமுத்து தும்மிக்கொண்டே ஊருக்குக் கிளம்பினான். அத்தோடு விட்டிருந்தால் ரத்தினசாமிக்கு ஒரு குறையும் வந்திராது. அவரைக் கவிழ்த்தது வேறொன்று. அடுத்த தெருப் பருப்புக் கடைக்காரர், நேற்று வந்த ஆள், கார் நிற்கிற போர்டிகோ வைத்து மேற்கே ஒரு வீடு கட்டினார். கார் கிடையாது, போர்டிகோ மட்டும்தான். ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் அந்த ஆள் இலைக்கு அந்தப் பக்கமிருந்து, "நம்ம அண்ணாச்சி இன்னும் சாக்குக்கு மேலதான் படுத்திருக்காக" என்று சொல்லிச் சிரித்தார். அறுபத்தொன்றாம் வருசம் அது. மறு வருசம் ரத்தினசாமி அந்த வீட்டுக்கு எதிரிலேயே, அதைவிட ஒரு முழம் உயரமாக, இரண்டு போர்டிகோ வைத்து வீடு கட்டிப் பால் காய்ச்சினார்.

கடையை மகன் கண்ணுச்சாமி பார்த்துக்கொண்டான். பழைய மாடி அறைகள் வத்தல் மூடை அடுக்குகிற கிட்டங்கி ஆயின.

புது வீட்டில் ஆவுடைத்தாய் ஒரே மாதத்தில் பத்து வயது குறைந்துபோனாள். பருப்பு பூவாய் வெந்தது. மல்லிகைக் கொடி படர்ந்தது. புதுப்பட்டிச் சனம் வாரக்கணக்கில் தங்கிச் சாப்பிட்டு ருசி சொன்னது. ரத்தினசாமிக்குத்தான் அங்கே மனிதர்களே தென்படவில்லை. பக்கத்து வீட்டு நேசகுமார் வாத்தியார் விடியற்காலையில் கையை வீசிக்கொண்டு ரயில்வே கேட் வரை போய், கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"எங்க சார் போயிட்டு வாரீக?"

"சும்மா, ஒரு நடை."

"கையில ஒண்ணையும் காணோமே?"

"நடக்கிறதுக்காகத்தான் நடந்தேன், அண்ணாச்சி."

ரத்தினசாமி வீட்டுக்குள் வந்து மனைவியிடம் சொன்னார்: "வாங்கவும் இல்ல, விக்கவும் இல்ல, சும்மா நடக்கானாம். அம்புட்டுப் படிச்சும் பாரேன்."

அந்த வீட்டின் தரை கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். எதிர்வீட்டுப் போர்டிகோக்காரர் தரையைவிட வழவழப்பாக வேண்டும் என்று நின்று தேய்க்கச் சொன்னவர் ரத்தினசாமிதான். ஒரு ஐப்பசி மழைநாளில் ஈரக்காலோடு அதில் வழுக்கி விழுந்தார். ஆவுடைத்தாய் கோயிலுக்குப் போயிருந்தாள். கத்தினார். பஜாரில் ஒரு செம்பு உருண்டால் "என்ன அண்ணாச்சி?" என்று நாற்பது தலை நீளும். இங்கே மல்லிகைக் கொடிதான் ஆடியது. வாத்தியார் மனைவி ஞானபூரணி, ஆஸ்பத்திரி நர்ஸ், வேலை முடிந்து வந்து தற்செயலாக எட்டிப் பார்க்கும்வரை அப்படியே கிடந்தார். பாவம், அவள் பார்த்த பார்வையிலேயே கால் எலும்பு முறிந்ததைச் சொல்லி, மட்டை வைத்துக் கட்டி, வண்டி பிடித்துக் கொண்டுபோனாள். கட்டு நேர்த்தியாகத்தான் இருந்தது. அதை ரத்தினசாமியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஆனால் விழுந்தவனை ஆள் தேடி வரவேண்டிய இடம் ஓர் இடமா என்று அவளிடமே கேட்டார்.

தை முடியும்வரை படுக்கை. பஜார்க்காரர்கள் ஒருமுறை வந்தார்கள், "ரொம்பத் தூரமால்ல இருக்கு" என்றார்கள், பிறகு வரவில்லை. ரத்தினசாமி நல்ல காற்றை மூச்சுமூச்சாக இழுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக் கிடந்தார். அந்த நல்ல காற்று தன்னை என்ன செய்துகொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

மாசியில் காரியாபட்டிச் சரக்கு இறங்கியது. சீசனின் முதல் லோடு. அதற்கு ரத்தினசாமி கை வைத்துப் பேசுகிற விலைதான் மற்ற மண்டிகளுக்கு வழிகாட்டி. கம்பை ஊன்றிக்கொண்டு வந்து இறங்கினார். பஜாரே வழிவிட்டது. தூத்துக்குடி வியாபாரிகளுக்கு வாங்குகிற தரகர் ஆண்டிச்சாமி, வாயில் வெற்றிலையும் தோளில் துண்டுமாகத் தயாராக நின்றார். ரத்தினசாமி வழக்கம்போல ஒரு கை அள்ளி மோந்தார். துண்டு போர்த்தினார்கள். ஆண்டிச்சாமி மூன்று விரலைப் பிடித்தார். ரத்தினசாமி நாலாவது விரலை நீட்டிக்கொடுத்தார்.

அப்போது மூக்கின் அடியில் என்னவோ ஊர்ந்தது. நாற்பது வருசத்துக்கு மேலாக மறந்துபோன ஊறல். அது என்ன என்று புரிவதற்குள் தும்மிவிட்டார்.

மண்டி முழுக்க அசையாமல் நின்றது. மூடை தூக்கியவன் தூக்கியபடி நின்றான். அடுத்த தும்மல் கிளம்பி மூக்குவரை வந்துவிட்டது. ரத்தினசாமி இடது கையால் மூக்கை இறுக்கிப் பிடித்து, கண் பிதுங்க அதை விழுங்கினார். தும்மாத ரத்தினசாமி இரண்டு தடவை தும்மினான் என்று ஊர் பேசிவிடக் கூடாதே!

ஆண்டிச்சாமி மெதுவாகத் துண்டிலிருந்து கையை எடுத்தார்.

"என்ன அண்ணாச்சி, அடுத்ததை ஏன் அடக்குனீக? அதையும் போட்டிருந்தா ரெட்டையா முடிஞ்சிருக்கும். இப்பம் ஒத்தையில நிக்குது. சரக்கை எப்படித் தொட?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போகிறபோது சிரித்தபடி, "ஊருக்குப் புதுசோ?" என்றார்.

சிரிப்பு கடை கடையாகத் தாவித் தெப்பக்குளத்தைச் சுற்றி வந்தது. அன்றைய முதல் விலையைப் போர்டிகோ வைத்த பருப்புக்கடைக்காரரின் மைத்துனன் மண்டியில் முடித்தார்கள். கண்ணுச்சாமி அப்பாவை ஓரமாக அழைத்துப்போய், "நீங்க வீட்ல இருங்கப்பா. நான் பாத்துக்கிடுதேன்" என்றான். நல்ல பிள்ளை, பணிவாகத்தான் சொன்னான். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

ரத்தினசாமி வீட்டுக்குப் போகவில்லை. கம்பை ஊன்றிப் பழைய மாடிக்கு ஏறினார். மூடைகளைத் தள்ளி இடம் பண்ணி, ஒரு சாக்கை விரித்துப் படுத்தார். தும்மினார். சாயந்தரம்வரை தும்மினார். கீழே மூடை தூக்குகிறவர்கள், "மொதலாளியம்மா வந்துட்டாகளோ?" என்று கேலி பண்ணினார்கள்.

முதலாளியம்மா மறுநாள் வந்தாள். படியிலேயே தும்மல் தொடங்கிவிட்டது.

"இந்தச் சாக்குல கெடக்கவா ரெண்டு போர்டிகோ வச்சீக?"

"அது எதிர்வீட்டுக்காரன் பாக்கக் கட்டுனது. நான் இருக்கக் கட்டுனது இல்ல."

"நான் இனிமே இங்கன குடியிருக்க வரமாட்டேன். சொல்லிப்புட்டேன்."

"ஒன்னை ஆரு கூப்பிட்டா? ஒனக்குப் பருப்பு வேகணும். எனக்கு மூக்கு மரக்கணும்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கெடங்க. சோறு மட்டும் கொண்டாந்து வைக்கேன்" என்று இறங்கிப் போனாள். சொன்னபடி தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியோடு குதிரைவண்டியில் வந்தாள்.

பங்குனி பாதிக்கு ரத்தினசாமியின் மூக்கு படிந்தது. பன்னிரண்டு வயதில் ஒரு வருசம் பிடித்த வேலையைக் கிழவயதில் ஒரு மாதத்தில் முடித்தார். அடுத்த காரியாபட்டி லோடு இறங்கிய அன்று ஆண்டிச்சாமிக்கு ஆள் விட்டார். வேடிக்கை பார்க்கப் பாதி பஜார் கூடிவிட்டது. ரத்தினசாமி வத்தலை மோந்தார். எல்லாரும் அவர் மூக்கையே பார்த்தார்கள். கல் மாதிரி இருந்தது. துண்டு போர்த்தினார்கள். விரல்கள் பிடிபட்டன, விலகின, மறுபடி பிடிபட்டன. விலை பழுத்துவிட்டது. ஆண்டிச்சாமி கடைசி விரலை அழுத்தப் போகிறார்.

வாசலில் ஒரு தும்மல் வெடித்தது.

தூக்குச்சட்டியோடு ஆவுடைத்தாய் நின்றாள். ஒற்றைத் தும்மல். ஆண்டிச்சாமியின் கை துண்டுக்குள் தளர்ந்ததை ரத்தினசாமி உணர்ந்தார். விடவில்லை, விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பொறும்வே. அவ எம்பொண்டாட்டி. இந்தப் பஜார்ல ஒண்ணோட நிறுத்துன சரித்திரமே கிடையாது."

ஆவுடைத்தாய் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை முகங்களையும் பார்த்தாள். "ஆம்பிளைகளுக்கு வேற சோலி இல்லையாக்கும், பொம்பளை மூக்கைப் பாத்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தவள், முடிக்கவில்லை. இரண்டாவது வந்தது. பின்னாலேயே மூன்றாவதும் நாலாவதும் வந்தன. எல்லாம் சோடி சோடியாக.

மண்டி கைதட்டியது. ஆண்டிச்சாமி விரலை அழுத்தினார். முதல் விலை மறுபடியும் தும்மாத ரத்தினசாமி கடை விலையாயிற்று.

அதற்குப் பிறகு கடைசிவரை ரத்தினசாமி மாடியில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடையடைப்பு, அன்றைக்கு மட்டும் மேற்கே போவார். விருந்தாளி மாதிரிச் சாப்பிடுவார், பருப்பு வெந்திருப்பதை ஒத்துக்கொள்ளமாட்டார். சங்கிலிமுத்து அங்கே இருந்தால், "இங்கனயே ராத்திரி தங்கிட்டுப் போகலாம்ல, அத்தான்?" என்பான்.

"நீ ஒரு ராத்திரி அங்கன வந்து தங்கு. நான் இங்கன தங்குதேன்."

சங்கிலிமுத்து கடைசிவரை வரவில்லை. இவரும் தங்கவில்லை.