மஞ்சளும் நீலமும் இடம் மாறிய காலை

மூன்று ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்துப் புயல் ஒன்று எங்கள் கடலோரத்தைக் கடந்துபோன மறுவாரத்தில் இது நடந்தது. இடம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வடக்கே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய எங்கள் குடியிருப்பு. ஒரே நீளத் தெரு. சொந்த வீடுகள் முப்பத்தெட்டு. தெருவின் கோடியில், தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை செய்பவர்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகள் பத்து.

நான் மின்பொறியியல் பட்டம் பெற்றவன். ஓர் உருக்காலையில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி, மின் பராமரிப்புப் பிரிவின் தலைவனாக ஓய்வு பெற்றேன். அதன் பிறகு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்தது. என் பேச்சுக்குத் தெருவில் மறுபேச்சு இருந்ததில்லை. அதை நான் விரும்பினேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எங்கள் தெருவுக்குப் பொதுவான ஆழ்துளைக் கிணறு ஒன்று உண்டு. அதன் தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து வீடுகளுக்கு இறங்கும். "உறுப்பினர் வீடுகளுக்கு மட்டும்" என்று ஒரு விதி இருந்தது. ஒரு கடுங்கோடையில் கிணற்றின் மட்டம் இறங்கியபோது அதை எழுதியவன் நானே. லைன் வீட்டார் ஊராட்சிக் குழாயிலும் தெருமுனை அடிபம்பிலும் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த விதி நியாயமானதே என்று இப்போதும் என்னால் வாதிட முடியும்.

புயலன்று விடியற்காலையில் போன மின்சாரம் திரும்பவில்லை. முதல் நாள் மாலையோடு இன்வெர்ட்டர் உயிரை விட்டது. இரண்டாம் நாள், குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த மாவு புளித்துப் பொங்கவும், தெரு முழுவதும் ஒரே நேரத்தில் தோசை வார்த்தது. யாருடைய தோசையை யார் சாப்பிட்டோம் என்ற கணக்கே இல்லை. மூன்றாம் நாள் கைப்பேசிகள் அணைந்தன. என் காரின் எஞ்சினை ஓடவிட்டு, முறை வைத்து, ஆளுக்குக் கால் மணி நேரம் சார்ஜ் ஏற்றிக்கொள்ள ஏற்பாடு செய்தேன். நான்காம் நாள் நடந்தே போய் மின்வாரிய ஊழியர்களைப் பார்த்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, சாய்ந்த கம்பங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளத்தான் போயிருந்தேன். வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். சற்றுத் தொலைவில் அத்திப்பட்டில் நாட்டுக்கே மின்சாரம் தயாராகிறது, நாமோ மெழுகுவத்தி தேடுகிறோம் என்று தெருவில் எல்லோரும் ஒரு முறையாவது சொல்லி முடித்திருந்தார்கள்.

இருட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். தண்ணீர்தான் எங்களை மிரட்டியது. மேல்நிலைத் தொட்டி மூன்றாம் நாளே வறண்டது. சன்ஷேடிலிருந்து சொட்டிய மழைநீரைப் பிடித்துக் கழிப்பறைக்கு வைத்துக்கொண்டோம். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே வரும் சாலை மூழ்கிக் கிடந்ததால் கேன் தண்ணீர் வண்டி வரவில்லை. அடிபம்பு வெள்ளத்துக்குள் நின்றது. ஐந்தாம் நாள் என் மனைவி, அரிசி களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றாமல் எடுத்து வைத்துவிட்டு, "எதிர் வீட்டுப் பொண்ணு பிரசவமாகி இருபது நாள்தான் ஆகுதுங்க. அவங்க வீட்டுல குடிக்க அரைக் குடம்தான் இருக்காம். நீங்கதானே செயலாளர்?" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

முன்பு என்னிடம் வேலை பார்த்த ஒருவர் தொழிற்பேட்டையில் சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். அவரிடம் ஒரு ஜெனரேட்டர் கேட்டேன். மறுநாள் காலை அனுப்புவதாகவும், பகல் பன்னிரண்டு மணிக்கு அது பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றுக்குப் போயாக வேண்டும் என்றும் சொன்னார். ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் எங்கள் தொட்டி நிரம்பிவிடும். தெருவெங்கும் தகவல் சொல்லி அனுப்பினேன்.

ஆறாம் நாள் காலை எட்டரை மணிக்கு, 'குட்டி யானை' என்று எல்லோரும் அழைக்கும் சிறு லாரியில் ஜெனரேட்டர் வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. எளாவூர்ப் பக்கத்து ஓட்டுநர். பேச்சில் தெலுங்கு வாடை. தெருவே குடமும் வாளியுமாகத் திரண்டுவிட்டது. லைன் வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். நான் அவர்களிடம் போய், "முதல்ல உறுப்பினர் வீடுகளுக்கு ஏறட்டும். மீதி இருந்தா பார்க்கலாம்" என்றேன்.

முன்னால் நின்ற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் பச்சை பிளாஸ்டிக் குடம். "பாருங்க சார், பொறுமையா பாருங்க. நாங்க எங்க போவப் போறோம்? ரோடே தண்ணில கீது" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஜெனரேட்டரின் ஒயர்களை ஸ்டார்ட்டர் பெட்டியில் நானே பொருத்தினேன். சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள், நீலத்துக்கு நீலம். ஊரே பார்க்க, பச்சைப் பொத்தானை அழுத்தினேன். நிலத்துக்கு இருநூறு அடி கீழே மோட்டார் ஓடுவது காலடியில் தெரிந்தது. குழாய் வாயைத் திறந்துவிட்டு எல்லோரும் காத்திருந்தோம்.

தண்ணீர் வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஒரு சொட்டும் இல்லை.

மின்னோட்டத்தை அளந்து பார்த்தேன். வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டியது. மோட்டார் சுற்றுகிறது, ஆனால் சுமை ஏறவில்லை. என் அனுபவம் உடனே ஒரு முடிவைச் சொன்னது, நானும் உரக்க அறிவித்தேன்: "மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங் உடைஞ்சுபோச்சு. வெளியே தூக்கிப் பார்த்தாகணும்."

"செயலாளர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மூன்றாம் வீட்டு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவர் என் நண்பர். என்னைக் கிண்டல் செய்யும் துணிவு உள்ள ஒரே ஆள்.

ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்போ நான் கெளம்பட்டா நைனா? அங்க டாக்டரம்மா காத்துக்கினு கீறாங்க."

"பன்னிரண்டு வரைக்கும் நேரம் இருக்கு, இரு" என்று அதட்டினேன். இருநூறு அடிக் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி மோட்டாரைத் தூக்குவது பாதி நாள் வேலை. பழுது பார்த்து மீண்டும் இறக்க இன்னும் இரண்டு நாள். கிணற்றைச் சுற்றி மண் ஊறிக் குழைந்திருந்தது. அந்த நிலையில் குழாயை அசைத்தால் உள்ளே மண் சரிந்து கிணறே தூர்ந்துபோகலாம். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற மனம் வரவில்லை. பாரம் தூக்கும் இரும்பு முக்காலியும் சங்கிலிக் கப்பியும் கொண்டுவரச் செய்தேன். ஜெனரேட்டரும் மோட்டாரும் இன்னும் ஓடிக்கொண்டிருக்க, நான்கு பேர் முக்காலியை நிறுத்தத் தொடங்கினார்கள்.

அப்போது அந்த லைன் வீட்டுப் பெண் பச்சைக் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு முன்னே வந்தார். குழாயின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார்.

"சார், தூக்காதீங்க."

"உனக்கு இதுல என்னம்மா தெரியும்?"

"பஜாரு பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்ற கடைல எட்டு வருசமா வேல செய்றேன் சார். ஓடுது, ஆனா தண்ணி வரலன்னு யாராவது வந்தா, மொதல்ல ரெண்டு ஒயர மாத்திப் போட்டுப் பாக்கச் சொல்லுவோம். அப்பவும் வரலன்னாதான் தூக்கச் சொல்லுவோம். இது ராங்கா சுத்துது சார், கைல தெர்து."

"கலர் பார்த்து நானே கொடுத்திருக்கேன்."

"கம்பெனிலருந்து வரசொல்லோ கலரு கரெக்டாத்தான் இருக்கும் சார். அதுக்கப்புறம் எத்தினி பேரு அதுல கைய வெச்சானோ!"

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "ஆமா நைனா, போன மாசம் ஜெனரேட்டர ரிப்பேர்க்கு உட்டாங்க. கெடச்ச ஒயரப் போட்டு முடிச்சி குடுத்தான்."

மின்தொழில் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று ஒயரில் ஓடும் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றும் என்பது அந்த ஒயர்களின் வரிசையைப் பொறுத்தது. எந்த இரண்டை இடம் மாற்றினாலும் அது எதிர்ப்பக்கம் சுற்றும். எதிர்ப்பக்கம் சுற்றும் பம்பு, அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்காது. உருக்காலையில் சேர்ந்த பயிற்சியாளர்களுக்கு முதல் வாரத்திலேயே நான் கற்றுக்கொடுத்த பாடம் இது. புது இணைப்பு கொடுத்தால் சுழற்சியைப் பார், பிறகு வேறு எதையும் பார் என்று எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். அன்று நிறத்தை நம்பினேன். அதைவிட, நிறத்தைப் பார்த்துப் பொருத்திய என் கையை நம்பினேன்.

ஒரு கணம் என் மனத்தில் ஓடியதையும் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் இந்த அனுபவத்தை எழுதுவதில் பொருளில்லை. "சரி, சரி, தள்ளி நில்" என்று அவரை அனுப்பிவிட்டு, வேறு ஏதோ சோதிப்பதுபோல் நானே ஒயரை மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. முப்பத்தொரு ஆண்டுப் பெயர் தப்பிக்கும்.

எதிர் வீட்டு வாசலில், பிரசவமான பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். பக்கத்தில் காலிக் குடம். மணி பத்தரை.

"முக்காலியை எடுங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்: "இவங்க சொல்றதுதான் சரி. முதல்லயே நான் பார்த்திருக்கணும். பார்க்கல."

ஜெனரேட்டரை நிறுத்தச் செய்தேன். ஸ்டார்ட்டர் பெட்டியில் மஞ்சளையும் நீலத்தையும் கழற்றி இடம் மாற்றினேன். அந்தப் பெண் என் கையிலிருந்த திருப்புளியை வாங்கி, இரண்டு திருகுகளையும் தானே இறுக்கினார். இறுக்கிவிட்டு ஒயரை ஒரு முறை இழுத்தும் பார்த்தார். நல்ல தொழிலாளியின் அடையாளம் அது.

மறுபடியும் பச்சைப் பொத்தான். இந்த முறை காலடியில் வந்த அதிர்வே வேறு. குழாய் இருமியது, காற்று சீறியது, கலங்கலாக ஒரு வாய்த் தண்ணீர் துப்பியது. பிறகு மணிக்கட்டுத் தடிமனுக்குப் பளிங்குபோல் தண்ணீர் பாய்ந்து, முன்னால் நின்றவர்களை எல்லாம் நனைத்தது. விசில் பறந்தது. ஆறு நாளாக வாடிக் கிடந்த தெரு சிரித்தது.

"அக்காவ நீ உன் கம்பெனிலயே மேனேஜராப் போட்டிருக்கணும் நைனா!" என்று கத்தினார் ஓட்டுநர்.

வங்கி அதிகாரி என் காதருகே வந்தார். "கப்ளிங் தானா ஒட்டிக்கிச்சு போல?"

"கப்ளிங் நல்லாத்தான் இருந்தது. கழண்டிருந்தது என் மண்டை" என்றேன். நான் வேடிக்கையாகப் பேசி அந்தத் தெரு கேட்டது அதுவே முதல் முறை என்று என் மனைவி இன்றும் சொல்வார்.

உறுப்பினர் வீட்டுக் குடங்கள் குழாயை நோக்கி நகர்ந்தன. நான் குறுக்கே நின்றேன். எதிர் வீட்டுக் குடம் முதலில். அடுத்து லைன் வீடுகள். அதன் பிறகே தொட்டிக்கு ஏற்றுவது என்று அறிவித்தேன். எங்களுக்காவது வீட்டுக்குள் குழாய் உண்டு. அவர்களுக்கு அதுவும் இல்லை.

"அப்போ ரூல்ஸு சார்?" என்று கேட்டார் அந்தப் பெண், பச்சைக் குடத்தைக் குழாயடியில் வைத்தபடி.

"எழுதினவன் நான். மாத்தறதும் நான்தான்" என்றேன்.

பத்துக் குடும்பத்துப் பாத்திரங்களும் நிறைந்தன. பன்னிரண்டு அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது தொட்டியும் வழிந்தது. வழிந்த தண்ணீரில் நனைந்துகொண்டு பெரியவர்களே குதித்ததைப் பார்த்தேன். ஜெனரேட்டரை அணைத்ததும் ஓட்டுநர் அவசரப்பட்டார். "அக்கா, நீயும் ஏறு. அங்கயும் இதே பேஜாருதான் நடக்கும். மாத்திக் குடுத்துட்டு வந்துரு, திருப்பிக் கொண்டாந்து உட்டுர்றேன்."

அந்தப் பெண் மருத்துவமனைக்கு உதவத் தயாராகிவிட்டார். முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தபின்தான் குடம் நினைவுக்கு வந்தது. சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "சார், அத்த மட்டும் எங்க ஊட்டாண்ட வெச்சிர்றீங்களா? கடைசிலருந்து ரெண்டாவது ஊடு" என்றார். வண்டி புறப்பட்டுவிட்டது.

இரண்டு நாள் கழித்து மின்சாரம் வந்தது. அடுத்த மாதக் கூட்டத்தில், லைன் வீடுகளுக்கும் ஒரு குழாய் நீட்டும் தீர்மானத்தை நானே கொண்டுவந்து நிறைவேற்றினேன். ஸ்டார்ட்டர் பெட்டியின் உட்புறம் "முதலில் சுழற்சியைப் பார்" என்று என் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அவை எல்லாம் பிறகு நடந்தவை.

அன்று நண்பகலில், நிறைகுடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முப்பத்தெட்டு வீட்டு வாசல்களிலும் ஆட்கள் நின்று பார்க்க, அதுவரை நான் கால் வைத்திராத தெருக்கோடி வரை நடந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் அந்த வாசலில் இறக்கி வைத்தேன். என் பணிக்காலத்தில் வாங்கிய பாராட்டுப் பத்திரங்கள் எல்லாம் சுவரில் தொங்க, இன்றும் நான் பெருமையோடு எண்ணிப் பார்ப்பது அந்த நடையைத்தான்.