எதிராளிக்காக அம்மா செய்த ஜெபம்

விடியற்காலையில் கோணிச் சாக்கை நாலாய் மடித்துப் போட்டு, அதன்மேல் முழங்கால் போட்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அம்மா ஜெபத்தைத் தொடங்கும்போது முதலில் வரும் பெயர் என்னுடையது அல்ல. செத்துப்போன அப்பாவுடையதும் அல்ல. பண்ணைக்காரருடையது. எங்கள் ஆட்கள் யாரும் வாயால் சொல்லத் துணியாத அந்தப் பெயரை, அவருடைய அப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்வாள். அதே பெயரில் வேறொருவர் இருந்து ஆண்டவர் ஆள் மாறிப் போய்விடக் கூடாதல்லவா? "அவருக்கு நீண்ட ஆயுசைக் கொடும் ஆண்டவரே. கண்ணு நல்லாத் தெரியட்டும். காது நல்லாக் கேக்கட்டும். வாய்ப்பேச்சு நின்னு பூடக் கூடாது" என்பாள். கேட்கிறவர்கள் உருகிப் போவார்கள். எனக்கு மட்டும் தெரியும், அது அன்பு இல்லை என்று.

ஆரம்பாக்கத்தில் ரயில் பாதைக்கு மேற்கே, பண்ணைக்காரரின் நெல் வயல்களை ஒட்டி எங்கள் மண்சுவர் வீடு இருந்தது. அப்பா அவருடைய வயலில்தான் வேலை செய்தார். அவருடைய வயலில்தான், மடை திருப்பப் போன இடத்தில், பாம்பு கடித்துச் செத்தார். அறுபதுகளின் கடைசி அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன, நிலத்துக்கு விலை ஏறப்போகிறது என்று டீக்கடையில் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆள் குடியிருக்கும் நிலத்தை யாரும் வாங்க மாட்டார்கள். வீட்டைக் காலி செய் என்று பண்ணைக்காரர் சொல்லியனுப்பினார். தை வரைக்கும் பொறுக்கச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டாள். ஐப்பசி மழையில் ஒரு நாள் அவருடைய ஆட்கள் வந்து, எங்களை வெளியே நிறுத்திவிட்டுக் கூரையைப் பிரித்தார்கள். நனைந்த மண்சுவரைத் தள்ள அவர்களுக்குப் பெரிய பலம் தேவைப்படவில்லை. நான் சோற்றுப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

இடித்ததோடு விட்டிருந்தால்கூட அம்மா ஒருவேளை அழுது தீர்த்து ஆறியிருப்பாள். ஊர்க்கூட்டத்தில் கேட்டபோது, "புயல் காத்துல தானா உயுந்துச்சு. அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்?" என்றார் அவர். கூரையைப் பிரித்த ஆட்களே அதற்குச் சாட்சி சொன்னார்கள். அவருடைய நெல்லைத் தின்று வளர்ந்த ஊர் தலையை ஆட்டியது. எங்கள் வீட்டுக் கதவை அவருடைய மாட்டுக் கொட்டாயில் சாத்தி வைத்திருந்ததை அம்மா பார்த்திருந்தாள். "காத்து அடிச்சா கதவைக் கயட்டி எத்துனு போயி கொட்டாயில வைக்குமா?" என்று கேட்டாள். கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பொய்க்காரி என்ற பெயர் அவள்மேல் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் எடுக்கப் போனால்கூட, "வந்துட்டாடி காத்துக்கும் கதவுக்கும் கதை சொல்றவ" என்பார்கள். வீடு போனதைவிட அதுதான் அவளைத் தின்றது. நான்தான் இடித்தேன் என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் அந்த ஒன்றைத்தான்.

காலனி ஜெபவீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில் எங்களுக்கு இடம் கொடுத்தார் உபதேசியார். முதல் சில வாரங்கள் அம்மா செய்ததை ஜெபம் என்று சொன்னால் அடுக்காது. பண்ணைக்காரர் தலையில் இடி விழ வேண்டும், கைகால் விளங்காமல் போக வேண்டும், வாயில் புழு வைக்க வேண்டும் என்று வரிசையாக ஆண்டவருக்கு வேலை ஏவிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் உபதேசியார் காதில் விழுந்துவிட்டது. "இன்னாம்மா இது? விரோதிக்காக வேண்டிக்கச் சொல்லிக்கிறாரு நம்ம ஆண்டவரு. நீ சாபம் வுட்டுக்கினு கீற!" என்று கடிந்துகொண்டார். அம்மா சில நாள் யோசித்தாள். பிறகு அவரிடம் போய், "சரிங்கய்யா, இனிமே அவருக்காவே ஜெபம் பண்றேன்" என்றாள். அன்று தொடங்கியதுதான் நீண்ட ஆயுசு ஜெபம். பூரித்துப் போன உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, இந்த விதவையைப் பாருங்கள் என்று எங்களைக் காட்டினார். அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. வெளியே வந்ததும் என் காதோடு சொன்னாள்: "அவன் செத்துப் பூட்டா அந்த வார்த்தை எந்த வாயிலருந்துடி வரும்? இருக்கணும். இருந்து சொல்லணும்."

இதை வைத்து அம்மாவின் பக்தி வேஷம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த ஜெபம்தான் எங்களை நடத்தியது. செங்குன்றம் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விடலாம், அங்கே குடிசையும் தருவார்கள் என்று சொந்தக்காரர்கள் கூப்பிட்டார்கள். அம்மா மூன்று நாள் உபவாசம் இருந்து எழுந்து, "இங்கயே இருக்கச் சொல்றாரு" என்றாள். சொன்னது ஆண்டவரா, அவளுடைய வீம்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் இரண்டுக்கும் ஒரே குரல்தான் இருந்தது. அவள் கம்பெனிக் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள். கொஞ்ச நாளில் பண்ணைக்காரர் விற்ற நிலத்திலேயே, எங்கள் அடுப்பு இருந்த இடத்துக்கு மேலேயே, கலவைச் சட்டி சுமந்தாள். வேலைக்குப் போகுமுன் ஜெபம், வந்து விழுந்ததும் ஜெபம். அப்பா இல்லாத பயம், அடுத்த வேளைச் சோற்றைப் பற்றிய பயம், பொய்க்காரி மகள் என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களோ என்கிற பயம், எல்லாம் அந்தக் குரல் காதில் விழுந்துகொண்டிருக்கும் மட்டும் என்னை அண்டாது. காலனியில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் எண்ணெய் தொட்டு வைத்து ஜெபிக்க அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் கை வைத்தால் குணமாகிறது என்று பேச்சு பரவியது. மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் வந்தார்கள்.

அப்படித்தான் ஒரு நாள், எழுபதுகளின் பாதியைத் தாண்டியபிறகு, பண்ணைக்காரரின் மனைவி எங்கள் காலனிக்குள் வந்தார். வாழ்நாளில் முதல் தடவை. பண்ணைக்காரருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "பழசெல்லாம் மனசுல வச்சிக்காத. வந்து ஒரு ஜெபம் பண்ணும்மா" என்று கும்பிட்டார். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"வரேம்மா. ஆனா எங்க ஜெபத்துக்கு ஒரு முறை கீது. மொதல்ல நடந்ததெல்லாம் ஒளிக்காம ஆண்டவர்கிட்ட சொல்லணும். ஊட்ல இருக்கறவங்க எல்லாரும் கண்ண மூடிக்கினு நிக்கணும். நடுவுல பேசக் கூடாது. நான் நிறுத்தற எடத்துல ஆமென் சொல்லணும்."

"ஆமென்னா இன்னா அர்த்தம்?"

"அது மெய்தான்னு அர்த்தம்" என்றாள் அம்மா.

அவள் யாரையும் ஏமாற்றவில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வார்த்தை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நானும் கூடப் போனேன். நிலம் விற்ற காசில் கட்டிய மாடி வீடு. சுவரெல்லாம் சாமி படங்கள். கட்டிலில் சாய்த்து உட்கார்த்தி வைத்திருந்தார்கள் அவரை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு குழறலாகத்தான் வந்தது. பக்கத்தில் மனைவியும் மகனும் நின்றார்கள். அம்மா விரலில் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். இந்தக் காலையைத் தந்ததற்கு ஸ்தோத்திரம் என்றாள். ஆமென் என்றார்கள். வைத்தியர்களுக்கு ஞானத்தைக் கொடும் என்றாள். ஆமென் என்றார்கள். அவர்களுக்கு அது பழகிவிட்டது.

"ஆண்டவரே, அந்த ஐப்பசி மழையில இவரு ஆள அனுப்சி எங்க ஊட்டுக் கூரையப் பிரிச்சாரு. புருசனப் பறிகொடுத்தவள மழையில நிக்க வச்சாரு" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். மகன் ஓர் அடி முன்னால் வந்து, "நீ இன்னா பேசிக்கினு கீற?" என்றான். அவனுடைய அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இருடா, ஜெபம் கெட்டுப் பூடும்!" பிறகு கண்ணை இறுக்கிக்கொண்டு ஆமென் என்றார். மகன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் என்றான். அம்மா மேலே போகவில்லை. எண்ணெய் விரல் அவருடைய நெற்றிக்கு மேலே, படாமல், அப்படியே நின்றது. "ஏங்க, நீங்களும் சொல்லுங்க" என்று மனைவி அழுதார். "நைனா, சொல்லு நைனா" என்றான் மகன். பண்ணைக்காரர் அம்மாவைப் பார்த்தார். கோணின வாயைக் கூட்டிக் கூட்டி, எச்சில் வழிய, "ஆ... மென்" என்றார்.

அடுத்தது கதவு. கொட்டாயில் கதவை வைத்துக்கொண்டே காற்றடித்தது என்று சொன்னதை, தன்னைப் பொய்க்காரி ஆக்கியதை, அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து ஆமென் வாங்கினாள். அதன் பிறகுதான் எண்ணெயை வைத்து, நீண்ட ஆயுசைக் கொடும் என்று முடித்தாள். எனக்கு அங்கேயே கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

திரும்பி வரும் வழியில், "அவருக்குப் புரிஞ்சிதாம்மா?" என்று கேட்டேன்.

"புரியலன்னா புரியற வரைக்கும் வரேன்" என்றாள்.

சொன்னபடி வெள்ளிக்கிழமைதோறும் போனாள். கூத்தைப் பாருங்கள், அவருக்குக் குணமாகவும் தொடங்கியது. கோலூன்றி நடந்தார், பேச்சும் கொஞ்சம் தெளிந்தது. அந்த வீட்டுக்காரர்கள் ஜெபத்தை நிறுத்தவே விடவில்லை. ஒரு வார்த்தை குறையாமல் அதே கூரை, அதே மழை, அதே கதவு. வேலைக்காரர்கள் காதில் விழுந்து, அவர்கள் மூலம் ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. தண்ணீர்த் துறையில் அம்மாவுக்கு வழிவிட்டார்கள்.

இன்று அவரும் இல்லை, அம்மாவும் இல்லை. வயல் இருந்த இடமெல்லாம் தகரக் கூரை போட்ட கம்பெனிகள். சபையில் புதிதாக வந்த போதகர், எதிரியை மன்னித்த தாய் என்று அம்மாவைப் பற்றிச் சாட்சி சொல்லும்படி ஆண்டுதோறும் என்னைக் கேட்கிறார். நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிக்கிறேன். அம்மா மன்னிக்கவில்லை. ஆனால் பண்ணைக்காரர் ஒரு முறை மன்னிப்புக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே மன்னித்திருப்பாள். அத்தனை காலம் ஒரு மனிதனுடைய பெயரைச் சொல்லி முழங்காலில் நின்றவளுக்கு வேறு எதுவும் செய்ய வந்திருக்காது. அது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒவ்வொரு வெள்ளியும் அந்த மாடி வீட்டில், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்க, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று நான் எனக்கென்று ஒரு ஜெபம் செய்தேன்: ஆண்டவரே, இந்த ஆள் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடக் கூடாது.

கடைசிவரை அவர் கேட்கவில்லை.