நாலாங்கட்டை வளைவு

போன கிழமை நிலாவெளி பஸ்ஸில் போகும்போது, நாலாங்கட்டை வந்ததும் என் கை தானாக முன் இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. உடம்பும் ஒரு பக்கம் சாய்ந்தது. பஸ் வளையவில்லை, நேரே போனது. பக்கத்தில் இருந்த பெண், "என்ன ஐயா, தலை சுத்துதே?" என்று கேட்டாள். வளைவை எடுத்துவிட்டுத் தெருவை நேராக்கியிருக்கிறார்கள். அந்த வளைவை அங்கே வைத்ததே நான்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? "இல்லைப் பிள்ளை, வெயில்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

புதுத் தார் மணத்தது. தார் மணத்தால் எனக்கு வேறெதுவும் ஞாபகம் வருவதில்லை, அந்த இரண்டாம் உலக யுத்த காலம்தான் வரும். அதற்கு முன் அந்தத் தெரு வெறும் வண்டித் தடம். கிணற்றைக் கண்டால் ஒதுங்கும், புளியமரத்தைக் கண்டால் சுற்றிப் போகும். பிறகு கிரவல் மண் போட்டார்கள். யுத்தம் வந்து துறைமுகம் கப்பலால் நிறைந்தபோது லொறிகளுக்கு அவசரம் வந்தது. கடற்கரைப் பக்கம் முகாம் போட வேண்டும், ஆகவே தெருவை மேற்கே தள்ளிப் போடு என்று உத்தரவு. புதுத் தெருவுக்கு மேற்கே ஊர், கிழக்கே முகாம்.

நான் அப்போது தெருப் போடும் அரசாங்கக் கந்தோரில், நிலம் அளக்கிற சங்கிலி பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் காட்டுகிற இடத்தில் மரமுளை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் மட்டும் பெரிய எஞ்சினியர் மாதிரிக் கதைப்பேன். ஒருநாள் சங்கிலி எங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே வந்துவிட்டது. சமைக்கிற குசினிச் சுவரோரம் முளையை நானே அடித்தேன். இரண்டு அடி தவறி விரலில் விழுந்தது.

அம்மா இல்லாத வீடு. ஐயா, அக்கா, நான். வீட்டை இடிப்பார்கள், நட்டஈடும் பாலையூற்றில் ஒரு துண்டுக் காணியும் தருவார்கள் என்று சொன்னதும் ஐயா சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். "நான் கட்டின வீடு. இடிக்கிறதெண்டா என்னையும் சேர்த்து இடிக்கட்டும்." அக்கா அலுமாரியில் இருந்த உடுப்புகளை மடித்து மடித்து றங்குப்பெட்டிக்குள் வைத்தாள். கவலையில் செய்கிறாள் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் மரத்தடியில் ஒரு சூலம் நின்றால் அது வைரவர். யார் நட்டது, எப்போது நட்டது என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. அதில் கைவைக்கவும் ஒருவரும் துணியமாட்டார்கள். வேலையாட்கள் மத்தியானம் சாப்பிடப் போன நேரம், கொல்லனிடம் இரவல் வாங்கிய பழைய சூலத்தை எங்கள் வளவுப் பாலைமரத்தடியில், முளை வரிசைக்கு நேரே நட்டேன். திருநீறு பூசி, இரண்டு செவ்வரத்தம்பூவும் வைத்தேன். செய்த வேலை எனக்கே நல்ல பிடித்துப்போய், ஒருமுறை கும்பிட்டும் விட்டேன்.

கங்காணி வந்து பார்த்தார், கத்தியைக் கீழே போட்டார். "வைரவரில கைவைக்க ஏலாது துரை. பெடியள் ஒருத்தரும் மண்வெட்டி தொடமாட்டாங்கள்." வெள்ளைக்கார எஞ்சினியர் கத்திப் பார்த்தார். ஆட்கள் குந்திக்கொண்டு வெற்றிலை போட்டார்கள். மறுநாள் அவர்களே ஒரு வடைமாலையும் கொண்டுவந்து சாத்தினார்கள். கடைசியில் துரை வரைபடத்தில் பென்சிலால் ஒரு வளைவு போட்டார். தெரு எங்கள் வீட்டுக்கு மேற்கே சுற்றிப் போனது. அன்று ஐயா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு மாதத்தில் முள்ளுக்கம்பி வந்தது. தெருவின் கிழக்கு ஓரம் முழுக்க அடித்தார்கள். அப்போதுதான் என் மரமண்டைக்கு விளங்கியது, தெரு மேற்கே வளைந்தால் வீடு கிழக்கே நிற்கும் என்று. தெருவுக்கு எடுத்த காணிகளின் பட்டியலில் நாங்கள் இல்லை. முகாமுக்கு எடுத்த பட்டியலிலும் இல்லை. அயல் முழுக்க நட்டஈடு வாங்கிக்கொண்டு பாலையூற்றுக்குப் போய்விட்டது. நாங்கள் மூன்று அனுமதிப் பாஸுடன் கம்பிக்கு உள்ளே. காலை ஆறுக்கு முகாம் வாசல் படலை திறக்கும், பின்னேரம் ஆறுக்குப் பூட்டும். விருந்தாட்கள் வரக்கூடாது. இரைந்துகொண்டு போகும் லொறிகளைத் தவிர அக்காவுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை.

நிலாவெளியில் இருந்து ஒரு வாத்தியாருக்கு அக்காவைக் கேட்டிருந்தார்கள். நாள் பார்த்து, மாப்பிள்ளையின் தாயும் மாமன்மாரும் தட்டத்துடன் வண்டியில் வந்தார்கள். காவல் நின்ற சிப்பாய் துவக்கைக் குறுக்கே பிடித்தான். நான் என் பாஸைக் காட்டினேன், கெஞ்சினேன், தெரிந்த நாலு இங்கிலீசுச் சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். அவன் ஏலாது என்று தலையை மட்டும் ஆட்டினான்.

"பொம்பிளையைக் கொஞ்சம் இஞ்சால படலையடிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோவன் தம்பி, பாத்திட்டுப் போறம்" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

ஓடிப்போய்ச் சொன்னேன். ஐயா எழும்பி நின்றார். "என்ர பிள்ளையை ஆமிக்காரனுக்கு முன்னால தெருவில வைச்சுக் காட்டமாட்டன்." அக்கா கூறைநிறச் சேலையில், தலை நிறையப் பூவுடன் வாசலில் நின்றாள். அவர்களுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. வெயில் ஏறும்வரை இருந்துவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். அந்தச் சம்பந்தம் அத்துடன் முடிந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. கம்பிக்குள் இருக்கிற பெண்ணை யார் கேட்டு வருவார்கள்?

யுத்தம் முடிந்து கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஐயாவும் போனார். நான் கல்யாணம் செய்து லிங்கநகருக்கு வந்தேன். அக்கா அந்த வீட்டிலேயே தனியே இருந்தாள். என் பிள்ளைகளைப் பார்க்க வருவாள், ஒரு இரவுகூடத் தங்கமாட்டாள். பின்னேரம் ஐந்து மணியானால் கால் நிலத்தில் நிற்காது.

பல வருசம் கழித்து ஒருநாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, இனியும் அடக்க ஏலாது என்று சூலத்தின் கதையைச் சொன்னேன். அழுதும் விட்டேன். அக்கா கோபிக்கவில்லை.

"நான் பாலையூத்துக்குப் போகத்தான் ஆசைப்பட்டனான், தம்பி. உடுப்பெல்லாம் அடுக்கினது நீ காணேல்லையே? நாலு சனத்தோட இருக்கலாமெண்டு நினைச்சன்" என்றாள். "என்னட்டையும் ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

முகாம் இருந்த இடம் பற்றைக் காடாகி, பிறகு அதுவும் போய்விட்டது. படலையும் பாஸும் என் பிள்ளைகளுக்கு நம்பமுடியாத கதை. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் சூலத்தின் கதையைச் சொன்ன அன்று அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, "ஆறாகப் போகுது, நான் வாறன்" என்று குடையை எடுத்தாள். "இப்ப ஆரக்கா படலை பூட்டினம்?" என்று கேட்டேன். "ஓம், தெரியும்" என்று சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தாள்.