நீளப் பாரின் மறுமுனை

குழித்துறையில் மெஷின்வாள் சாமான் விற்கும் சுந்தரராஜ், மரம் அறுக்கிற ஞானதாசன் தன் கடைக்கு வந்தாலே பெண் பார்க்க வந்துவிட்டார் என்று கிண்டல் செய்வார். சும்மா சொல்லக் கூடாது, அதில் உண்மை இருந்தது. பார் என்பது எஞ்சினிலிருந்து முன்னால் நீளும் தகடு. அதன் விளிம்பைச் சுற்றித்தான் செயின் ஓடும். ஞானதாசன் பாரைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்ப்பார். செயின் ஓடும் காடியில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். பிறகு செயினின் பல். மரத்தைக் குறுக்கே துண்டு போடுகிற செயினில் பல் நன்றாகச் சாய்ந்திருக்கும். நெடுக்கே பலகை அறுக்க அது உதவாது, ஏறக்குறைய நேராக அராவிய பல் வேண்டும். இது தெரியாமல் கையில் கிடைத்த செயினை மாட்டிப் பலகையைப் பாழாக்கிவிட்டு, மரம் சரியில்லை என்று சொல்லும் மகராசர்கள் நம் பக்கம் நிறைய.

அன்று, பெமிலாவின் வீட்டு முற்றத்தில் கிடந்த அயினி மரத்தைப் பலகை அறுக்கச் செயினை எடுத்துவிட்டார். ஆனால் நீளமான பார்கள் தொங்கிய பக்கம் அவர் கை போகவேயில்லை.

"பெமிலாவுக்க அயினித் தடிக்குத்தானே? முப்பத்தாறு இஞ்ச் இல்லாம நடக்காது," என்றார் சுந்தரராஜ். "சின்ன பார வச்சு ரெண்டு பக்கமும் மாறி மாறி அறுத்தா நடுவுல படி விழும். ஒமக்கு நான் சொல்லித் தரணுமா ஓய்?"

சொல்லித் தர வேண்டியதில்லை. நீளப் பாருக்கு இரண்டு ஆள் வேண்டும் என்பதுதான் சங்கடம். எஞ்சின் பக்கம் ஒருவர். தடிக்கு அந்தப் புறம், பாரின் முனையில் பூட்டிய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர். அந்தக் கைப்பிடியில் பல வருஷம் நின்றவன் ரசலையன், பெமிலாவின் கணவன்.

திருவட்டாறுக்கு மேற்கே ஒரு சரிவில் பலா அறுத்துக்கொண்டிருந்தபோது முட்டுக் கொடுத்த கல் நழுவித் தடி அசைந்தது. சரிவின் கீழ்ப்பக்கம் ரசலையன் நின்றான். "விடுலே! விடுலே!" என்று ஞானதாசன் கத்தினார். ரசலையன் விடவில்லை. கைப்பிடியோடு முன்னால் சாய்ந்தான். தடி அவன்மேல் உருண்டு போனது.

கேட்டவர்களிடமெல்லாம் ஞானதாசன் ஒரே பதிலைத்தான் சொன்னார். கையை எடுத்துவிட்டு ஓடச் சொன்னேன், அவன் கேட்கவில்லை. ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. செத்தவன் வாய் திறக்கவா போகிறான்! சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்ச் சேர்ந்தவன் என்று பெமிலாவின் காதில் விழும்படியே பேசினார்கள். மகள் பிளஸ்ஸி ஏதாவது அடம் பிடித்தால், அப்பன் புத்தி என்றார்கள். பெமிலா தாங்க முடியாமல் தவித்தது அதற்குத்தான்.

ஞானதாசனுக்கும் நிம்மதி இல்லை. அதன்பிறகு சின்ன பாரில் தனியாகவே அறுத்தார். ஆனாலும் நல்ல வெயிலில், பட்டப்பகலில், பாரின் முனையை யாரோ பிடித்து இழுப்பது அவர் கைக்குத் தெரியும். எஞ்சினை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார். மரத்தூள்தான் கிடக்கும். ஜெபக்கூட்டம் நடத்துகிறவர் இதை யாரிடம் போய்ச் சொல்வார்? 'ஏம்லே நீ விடல்ல?' என்று தூளைப் பார்த்துக் கேட்பார். உண்மையில் அவருக்குப் பயமாக இருந்தது.

பெமிலா தையல்காரி. துணி வெட்ட அகலமான ஒரே பலகையில் மேசை வேண்டும் என்று அவள் கேட்டதை அவரால் தட்ட முடியவில்லை. நீளப் பாரையே வாங்கிக்கொண்டு போனார்.

மறுமுனைக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த முனை என்றதும் ஆளாளுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. கடைசியில் நைட்டிக்கு மேல் ரசலையனின் சட்டையை மாட்டிக்கொண்டு பெமிலாவே வந்து நின்றாள்.

"நான் பிடிக்கேன் அண்ணே."

"வேண்டாம் பெமிலா. இது வெளையாட்டு இல்ல."

"தையல் மெஷின் சவுட்டுத காலு. நிக்காதா? நீங்க சொல்லுத வார்த்தைய மட்டும் சொல்லித் தாங்க, அதும்படி செய்யேன்."

வேறு வழியில்லாமல் சொல்லிக் கொடுத்தார். "நில்லுண்ணா நிக்கணும். சாடுண்ணா எல்லாத்தையும் போட்டுட்டு குதிச்சு ஓடணும்."

"விடுண்ணா முன்னால தள்ளணும். அது எனக்குத் தெரியும்."

ஞானதாசனின் கை எஞ்சின்மேல் அப்படியே நின்றது. "யாரு சொன்னா?"

"அவருதான். அடுக்களையில நிண்ணு செய்து காட்டுவாரு. 'பஸ்ஸ விடு விடுண்ணு சொல்லுவாம்லா, அது மாதிரி அண்ணன் விடுலே விடுலேம்பாரு. அப்பம் நல்லா அமுத்தித் தள்ளணும் கேட்டியா'ண்ணு."

ஆமாம். எந்த மரமானாலும் அறுப்பு சீராக ஓடும்போது அவர் அப்படித்தான் கத்துவார். உற்சாகம் வந்தால் அவர் வாயில் வேறு சொல் வராது. தள்ளுவதற்கு விடு, ஓடுவதற்குச் சாடு. அன்று சாடு வரவில்லை, வாய்க்குப் பழகியதுதான் வந்தது. இத்தனை காலத்தில் இது தனக்குத் தோன்றவேயில்லை என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தார். தன்னிடமே அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

பெமிலா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணைக்கு நீங்க அவருக்கிட்ட என்ன வார்த்த சொன்னிய?"

அந்தச் சரிவில் அன்று இருந்தது இரண்டே பேர். சாடு என்று சொன்னதாக அவர் சொல்லிவிட்டால் இல்லையென்று மறுக்க ஆளில்லை. அவமானமாக இருந்தது.

"விடுண்ணு," என்றார்.

பெமிலா கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். அழவில்லை.

"அப்பம் எனக்க மாப்பிள சொன்னத கேட்டாரு. கேட்டுத்தான் செத்தாரு. வாங்க, பிளஸ்ஸி உள்ளதான் இருக்கா. அவகிட்ட இத நீங்களே சொல்லுங்க."