நாய்க்குப் புரிந்த பேச்சு

நெம்மேலிக் கடற்கரையில் அடிபட்டுக் கிடந்து, காப்பகத்தில் தேறிய நாய் ஒன்றைத் தத்தெடுத்து, படூரில் நான் இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அங்கே என் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள்; அப்படிப் பேசுவதையே விட்டுவிட்டேன். கதவைச் சாத்தியபின் நாயிடம் மட்டும் அது தானாக வரும். "இன்னாடா, துன்னுட்டியா?" என்றால் வால் சுழலும். நாள் முழுவதும் நான் காத்திருப்பது அதற்குத்தான். வெளியே போனால் 'கம்', 'சிட்' மட்டுமே.

ஒரு மாலை கழுத்துப்பட்டை கழன்று, நாய் வாசலைத் தாண்டிச் சாலையை நோக்கி ஓடியது. தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. "கம்! கம்!" என்று கத்தினேன். அது திரும்பவே இல்லை.

"டேய்! எங்கடா போய்கினு கீற? வூட்டுக்கு வாடா!"

நின்றது. ஓடி வந்து என் காலடியில் புரண்டது. அதை அள்ளிக் கட்டிக்கொண்டேன்.

நடைப்பயிற்சியில் இருந்த பக்கத்து வீட்டு அம்மா சிரித்தார். "அட, நீயாம்மா கத்துன? உனக்கு எந்த ஊரு?"

நெம்மேலிக்குப் பக்கத்துக் கிராமம்தான் என் ஊர்.

"சென்னைங்க" என்றேன்.

நாய் என் முகத்தை நக்கிக்கொண்டே இருந்தது. அதன் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.