என் நோட்டிலிருந்த 65492

மாலை பேட்ச் நண்பர்களே, நம் நெல்லித்தோப்பு கம்ப்யூட்டர் சென்டர் போர்டில் இதை உங்களுக்காக ஒட்டுகிறேன்.

இன்று காலை நான்கு கம்ப்யூட்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே நின்றுவிட்டன. சேமிக்காமல் வைத்திருந்த புரோகிராம் எல்லாம் போயே போய்விட்டது.

சார் நான்கு பேருடைய நோட்டையும் வாங்கிப் பார்த்தார். நான்கிலும், மெமரியில் ஓர் இடத்தைச் சுட்டும் பாயின்டருக்கு நேரே ஒரே எண், 65492.

"இன்னா இது? நாலு பேருக்கும் எப்டி ஒரே அட்ரஸ்?"

"கலா நோட்ல இருந்துச்சு சார்," என்றாள் மேரி. "அவளுக்கு நேத்து சரியா வந்துச்சே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கலா நான்தான். நேற்று என் புரோகிராம் ஓடியபோது, 'வயது' மெமரியில் எங்கே இருக்கிறது என்று மெஷின் காட்டிய எண் அது. நேற்றோடு முடிந்துபோன இடம். அங்கே போய் இன்று வயது 25 என்று எழுதச் சொன்னால்? எதன் மேல் எழுதியதோ, யாருக்குத் தெரியும்!

"எடத்த அப்பப்ப மெஷின கேட்டு வாங்கணும்மா," என்றார் சார். "நோட்ட பாத்து எழுதக் கூடாது."

காப்பியடித்ததற்கு மேரியைத் திட்டலாம் என்று திரும்பினேன். முடியவில்லை.

நின்றுபோன நான்காவது கம்ப்யூட்டர் என்னுடையது.

இந்த எண் இன்னும் யார் யார் நோட்டில் இருக்கிறது? கீழே பேரை எழுதுங்கள். எனக்குத் துணை வேண்டும்.